கிருமி வளராத சீழ்ச்சிறுநீர்

கிருமி வளராத சீழ்ச்சிறுநீர் என்பது, சிறுநீரில் சீழணுக்கள் தொடர்ந்து காணப்பட்டும், வழக்கமான வளர்ப்புச் சோதனையில் எந்த நுண்ணுயிரும் வளராமல் இருக்கும் நிலையாகும். சீழணுக்கள் எனப்படுபவை தொற்றையோ அழற்சியையோ எதிர்க்க வந்து சேரும் வெண்குருதி அணுக்களே. மையவிலக்கியில் சுழற்றி எடுத்த படிவை நுண்நோக்கியில் பார்க்கும்போது, ஒரு பார்வைப் புலத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சீழணுக்கள் இருந்தால் அது பொதுவாக இயல்புக்கு மாறானதாகக் கருதப்படுகிறது. இது தனி நோயன்று. வேறொரு நோயின் அடையாளம் ஆகும்.

ஆண்களிடம் இந்நிலை பெரும்பாலும் அடிக்கடி சிறுநீர் கழித்தல், எரிச்சல், அடிவயிற்று வலி, இரவில் பலமுறை எழுந்திருத்தல் ஆகியவற்றுடன் வருகிறது. உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழும் இந்தியாவில், இதற்கான காரணங்களுள் தவறவிடக் கூடாதது சிறுநீர்த்தொகுதிக் காசநோய் ஆகும். வெப்பமும் வறட்சியும் மிகுந்த விருதுநகர், சிவகாசி, சாத்தூர் போன்ற பகுதிகளில் இவ்வறிகுறிகள் உடற்சூட்டின் விளைவாக எளிதில் கொள்ளப்படுவதால், அப்பகுதியின் சூழலை முன்வைத்தும் இக்கட்டுரை இந்நிலையை விளக்குகிறது.

உள்ளூர்ப் பெயர்களும் அவற்றின் பொருளும்

சிறுநீர் கழிக்கையில் உண்டாகும் எரிச்சலைத் தமிழ்நாட்டில் நீர்க்கடுப்பு என்றும், சொட்டுச் சொட்டாக வலியுடன் கழிவதை நீர்ச்சுருக்கு என்றும் வழங்குவர். இவ்விரு பெயர்களும் அறிகுறியை மட்டும் குறிப்பவை. ஆனால் வெட்டை, மேகம் என்னும் பழைய பெயர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்வனவாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. வெட்டை என்பது ஒருபுறம் உடற்சூட்டையும் மறுபுறம் பாலுறவால் வரும் நோயையும் குறிக்கும். மேகம் என்ற சொல்லும் பால்வினை நோய்களுக்கு வழங்குவதோடு, மதுமேகம் என்னும் கூட்டுச்சொல்லில் நீரிழிவையும் குறிக்கிறது. ஒரே சொல்லுக்குள் இத்தனை நோய்கள் அடங்கியிருப்பது தற்செயலன்று. உள்ளே இருக்கும் காரணத்தைக் காணும் கருவிகள் தோன்றுவதற்கு முன்பு, வெளியே தெரிந்த அறிகுறியைக் கொண்டே நோய்கள் வகுக்கப்பட்டன.

இப்பெயர்களால் இன்றும் ஒரு நடைமுறைத் தடை உள்ளது. வெட்டை என்ற சொல்லில் ஒழுக்கம் பற்றிய ஐயம் ஒட்டியிருப்பதால், மணமான ஆண்கள் பலர் அறிகுறியை வீட்டிலும் மருத்துவரிடமும் சொல்லத் தயங்குகின்றனர். சூடு என்று சொல்லிவிட்டால் அந்த ஐயம் எழுவதில்லை.

விருதுநகர் மாவட்டச் சூழல்

விருதுநகர் மாவட்டம் 1985 இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கந்தக பூமி என்று அழைக்கப்படும் இப்பகுதி பெரிதும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியுள்ளது. வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழைக்குறைவும் வறண்ட காற்றும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் இங்கு வேரூன்ற உதவின. இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் மிகப் பெரும்பங்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் நடைபெறுகிறது.

வெயிலில் வேலை செய்பவர் நீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகும்; கழிக்கும்போது எரியும். இது உண்மையே. இளநீர், நீர்மோர், வெந்தயம் ஊறிய நீர் ஆகியவற்றால் அந்த எரிச்சல் தணிவதும் உண்மையே. அவை உடலுக்கு நீரைத் தருகின்றன. நீண்டகால நீர்க்குறைவு சிறுநீரகக் கற்கள் உருவாகவும் காரணமாகிறது. ஆனால் நீர்க்குறைவால் மட்டும் வரும் எரிச்சல், போதிய நீர் அருந்திய ஓரிரு நாட்களில் நீங்கிவிடும். வாரக்கணக்கில் நீடிக்கும் எரிச்சலையும், தொடர்ந்து காணப்படும் சீழணுக்களையும் சூட்டைக் கொண்டு விளக்க இயலாது.

பட்டாசுத் தொழிலாளர் வேதிப்பொருள் கலவையை மருந்து என்றே அழைப்பர். மருந்து செலுத்துதல் என்றால் குழாய்களில் வெடிக்கலவையை நிரப்புதல் என்று பொருள். உடலில் ஏற்படும் எந்தக் கோளாற்றுக்கும் இந்த மருந்தே காரணம் என்று கருதுவது அத்தொழிலில் இருப்பவருக்கு இயல்பு. பொட்டாசியம் நைத்திரேட்டு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றைக் கையாள்வதில் வேறு இடர்கள் உண்டு. எனினும் காசநோய் ஒரு கிருமியால் வருவது; வேதிப்பொருளால் வருவதன்று. தொழிலைக் காரணம் காட்டிச் சோதனையைத் தள்ளிப்போடுவதும், சூட்டைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவதும் ஒரே விளைவையே தருகின்றன.

வளர்ப்புச் சோதனையின் எல்லை

கல்ச்சர் என்று ஆய்வகங்களில் வழங்கும் வளர்ப்புச் சோதனையில், சிறுநீரின் ஒரு துளி ஊட்டக்கூழ் பூசிய தட்டில் தடவப்பட்டு, ஏறத்தாழ 37 பாகை செல்சியசு வெப்பத்தில் வைக்கப்படுகிறது. 18 முதல் 48 மணி நேரத்துக்குள் முடிவு எழுதப்படும். சாதாரணச் சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான எசரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவைக் கண்டறிய இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது. உகந்த சூழலில் அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சத்தைத் தாண்டும். ஓர் இரவில் கண்ணுக்குத் தெரியும் திட்டாகிவிடும்.

காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் இரட்டிப்பாக 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தாலும் ஒன்று இரண்டாகும், அவ்வளவே. அதற்கு வேண்டிய ஊட்டமும் வேறு. முட்டையும் மாலகைட்டுப் பச்சைச் சாயமும் கலந்த லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் அது தெரியும்படி வளர ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகலாம். திரவ ஊடகங்களில் சற்று விரைவாக வளரும்.

ஆகவே ஆய்வகத் தாளில் "வளர்ச்சி இல்லை" என்று எழுதப்பட்டிருந்தால், அந்தத் தட்டில், அந்த நேரத்துக்குள் வளரக்கூடிய கிருமி இல்லை என்பதே அதன் பொருள். அதனைத் தொற்றே இல்லை என்று படிப்பது சோதனை சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் கொள்வதாகும். வெண்குருதி அணுக்கள் காரணமின்றி வந்து கூடுவதில்லை.

மேலும் ஒரு குறுக்கீடு உண்டு. மருந்துக்கடையில் அறிகுறியைச் சொல்லி வாங்கிய நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரை ஒன்றிரண்டை விழுங்கியபின் சிறுநீர் கொடுத்தால், சாதாரணக் கிருமியும் தட்டில் வளராமல் போகும். கிருமி வளராத சீழ்ச்சிறுநீருக்கு மிகப் பொதுவான காரணங்களுள் இதுவும் ஒன்று. மாதிரி கொடுக்கும்போது முன்பு உட்கொண்ட மாத்திரைகளின் பெயரைச் சொல்வது இதனால் இன்றியமையாததாகிறது. அட்டையையே கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது.

சிறுநீர்த்தொகுதிக் காசநோய்

காசநோய்க் கிருமி முதலில் நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து குருதி வழியே சிறுநீரகங்களின் புறணிப் பகுதியில் சென்று தங்கக்கூடும். உடலின் எதிர்ப்பாற்றல் அதனைச் சிறு கணுக்களுக்குள் அடைத்து வைக்கும். சில ஆண்டுகளோ, இருபது ஆண்டுகளுக்கு மேலோ கழித்து, எதிர்ப்பாற்றல் குன்றும்போது கணு உடைந்து, கிருமிகள் சிறுநீரோடு கீழிறங்குகின்றன. சிறுநீரகத்திலிருந்து பைக்குச் செல்லும் குழாய், சிறுநீர்ப்பை, புரோஸ்டேட் சுரப்பி, விந்தகத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் சுருள்குழாய் என நோய் படிப்படியாகப் பரவுகிறது. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வில்ட்போல்ஸ் 1937 இல் சிறுநீர், இனப்பெருக்க உறுப்புகளின் காசநோயைச் சேர்த்து ஒரே பெயரால் குறித்தார். இவை தனித்தனி நோய்களல்ல, ஒரே நோயின் வெவ்வேறு இடங்கள் என்பதே அதன் கருத்து.

இந்நோய் பெண்களை விட ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இருமல், சளி, காய்ச்சல், உடல் மெலிவு ஆகிய அறியப்பட்ட காசநோய் அறிகுறிகள் பலரிடம் இருப்பதில்லை. மார்பு எக்சு-கதிர்ப் படமும் இயல்பாக இருக்கலாம். அடிக்கடி சிறுநீர் கழித்தலும், சில வேளை சிறுநீரில் குருதியும் மட்டுமே தெரியும். விந்தகப் பையில் வலியற்ற கடினமான கட்டி தோன்றுவதும், அது உடைந்து ஆறாத புண்ணாவதும், குழந்தையின்மைக்காகச் செய்த சோதனையில் விந்தணுக்கள் இல்லாதிருப்பதும் சிலரிடம் முதல் தடயமாகின்றன.

நோய் ஆறும்போது தழும்பு உண்டாகிறது. பெரும் சேதம் அத்தழும்பால்தான் விளைகிறது. குழாயில் தழும்பு ஏற்பட்டுச் சுருங்கினால், சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகம் வீங்கி, வலியே இல்லாமல் செயலிழக்கும். சிறுநீர்ப்பையில் தழும்பு ஏற்பட்டால் அதன் கொள்ளளவு குறையும். இயல்பான பை 400 மில்லிலீட்டர் அளவு கொள்ளும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிலீட்டர் சிறுநீர் உண்டாகிறது என்று கொண்டால், அவர் நான்கு அல்லது ஐந்து முறை கழித்தால் போதும். பை 75 மில்லிலீட்டராகச் சுருங்கியவர் அதே அளவைக் கழிக்க 20 முறை எழ வேண்டும். மருந்தால் கிருமி ஒழிந்தாலும் சுருங்கிய பை விரிவதில்லை. காலதாமதம் இந்நோயில் இத்தனை விலை கொடுக்க வைப்பது இதனாலேயே.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட இரண்டு முதல் மூன்று மடங்கு கூடுதல். நீரிழிவே அடிக்கடி சிறுநீர் கழிக்க வைப்பதால், "சர்க்கரைதான் காரணம்" என்று இதனைக் கடந்துவிடுவதும் நிகழ்கிறது. நீரிழிவால் சிறுநீரின் மொத்த அளவு கூடும்; பை சுருங்கினால் ஒவ்வொரு முறையும் வெளியேறும் அளவு குறையும். இரண்டு நாட்கள் அளவிட்டுக் குறித்து வைத்தாலே இவ்வேறுபாடு தெரியும்.

மாத்திரையால் மறைக்கப்படுதல்

நீர்க்கடுப்புக்கு நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஒஃப்லாக்சசின், லிவோஃப்ளாக்சசின் ஆகிய மாத்திரைகள் இந்தியாவில் நெடுங்காலமாக மிகுதியாக வழங்கப்பட்டு வருகின்றன. இக்குடும்பத்தைச் சேர்ந்த பல மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியவை. லிவோஃப்ளாக்சசின் மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கான சிகிச்சையிலேயே இடம்பெறுகிறது. எனவே ஐந்து நாள் மாத்திரையில் எரிச்சல் குறைந்து, நிறுத்திய சில வாரங்களில் மீண்டும் வருவது காசநோயிலும் நிகழலாம். நோயாளி அதனை "மாத்திரை கேட்கிறது, ஆனால் சூடு திரும்ப வருகிறது" என்று புரிந்துகொள்வார். இடையில் எடுக்கும் காசநோய்ச் சோதனையிலும் கிருமி பிடிபடாமல் போகலாம். ஒற்றை மருந்து விட்டுவிட்டுப் படுவதால் கிருமி அம்மருந்தை எதிர்க்கும் திறனையும் பெறக்கூடும். ஓர் ஆணுக்கு ஒரே ஆண்டில் மூன்றாம் முறையாக நீர்க்கடுப்பு மாத்திரை எழுதப்படுமானால், மாத்திரையை மாற்றுவதை விடக் கேள்வியை மாற்றுவதே பொருத்தமானது.

கண்டறியும் முறைகள்

காசநோய்க் கிருமி சிறுநீரில் எப்போதும் ஒரே சீராக வெளியேறுவதில்லை. ஆகையால் அடுத்தடுத்த மூன்று முதல் ஐந்து நாட்கள், காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதற் சிறுநீர் சேகரிக்கப்படுகிறது. நுண்நோக்கியில் நேரடியாகப் பார்க்கும் சாயச் சோதனை சிறுநீரில் அவ்வளவு நம்பத்தக்கதன்று; தீங்கற்ற பிற மைக்கோபாக்டீரியங்களும் அதே நிறத்தில் தெரியும். வளர்ப்புச் சோதனையுடன், கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் சோதனையும் செய்யப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் இது சிபிநாட் என்ற பெயரில் அறியப்படுகிறது. கோவாவைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட் கருவியும் பயன்பாட்டில் உள்ளது. சில மணி நேரத்தில் முடிவு தருவதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உள்ளதா என்பதையும் இச்சோதனையில் அறியலாம். எனினும் சிறுநீரில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், இதன் எதிர்மறை முடிவு மட்டும் நோயை விலக்கிவிடாது. சிறுநீரகம், குழாய், பை ஆகியவற்றின் வடிவத்தைக் காட்டும் கணினி வெட்டுவரைவு பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

மூன்று நாட்கள் தொடர்ந்து மருத்துவமனை செல்வது நாள்கூலி அல்லது எண்ணிக்கைக் கூலி பெறும் தொழிலாளிக்கு எளிதன்று. முத்திரையிட்ட கொள்கலனை முன்கூட்டியே பெற்றுவைத்தால் மாதிரியை வீட்டார் கொண்டு சேர்க்கலாம். மாவட்டத் தலைமையிடத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. சிவகாசியில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு மருத்துவமனை உள்ளது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அடுத்த நிலையில் உள்ளது.

சிகிச்சை

நுரையீரல் காசநோய்க்கான மருந்துகளே இதற்கும் தரப்படுகின்றன. முதல் இரண்டு மாதங்கள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் ஆகிய நான்கும், பின்னர் நான்கு மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் நாள்தோறும் உட்கொள்ளப்படுகின்றன. ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். சிறுநீர் நோய்க்காகவே மருந்து உண்பவர் இதனைக் குருதி என்று அஞ்சி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆறும்போது குழாய் சுருங்கக்கூடும் என்பதால், சிகிச்சைக் காலத்திலும் பின்னரும் மீயொலிச் சோதனை மூலம் சிறுநீரகம் வீங்குகிறதா என்று கண்காணிக்கப்படுகிறது. தேவைப்படின் குழாயினுள் சிறு வடிகுழாய் பொருத்தப்படும். சுருங்கிய பையைக் குடலின் ஒரு பகுதியைக் கொண்டு பெரிதாக்கும் அறுவை மருத்துவமும் உண்டு.

இம்மருந்துகளை வீட்டிலிருந்தபடியே உட்கொள்ளலாம் என்பது இன்று இயல்பாகத் தோன்றினாலும், அது தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட ஒன்றாகும். 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டில் தரும் சிகிச்சை, ஆரோக்கிய இல்லத்தில் தங்கவைத்துத் தரும் சிகிச்சைக்கு ஏறத்தாழ நிகரான பயனைத் தருகிறது என்று அம்மையத்தின் ஆய்வு 1959 இல் அறிவித்தது. அம்மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக உள்ளது.

காசநோய் 2012 முதல் இந்தியாவில் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும். தனியார் மருத்துவரும் அறிவிக்க வேண்டும். மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு, 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவை நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய்க்கும் பொருந்தும்.

தட்டில் வளராத பிற தொற்றுகள்

கிளமிடியா டிராக்கோமாட்டிஸ் உயிருள்ள செல்களுக்குள் மட்டுமே பெருகும் பாக்டீரியா, ஊட்டக்கூழில் வளராது. மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்பது, சிறுநீர்த் தாரை அழற்சி இருந்த இரு ஆண்களிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1981 இல் அறிவிக்கப்பட்டது. அதனை வளர்ப்பது மிகக் கடினம். டிரைக்கோமோனாஸ் ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. இம்மூன்றும் பாலுறவால் பரவுபவை. எரிச்சல் மட்டுமோ, காலையில் ஒரு துளிக் கசிவு மட்டுமோ இருக்கலாம். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். மனைவிக்கோ துணைக்கோ சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் தொற்று திரும்பும். பால்வினை நோய்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இயங்கும் சுரக்சா மையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் சிகிச்சை பெறலாம்.

இங்குக் கவனிக்க வேண்டியது மாதிரி எடுக்கும் முறை. வழக்கமான வளர்ப்புச் சோதனைக்கு முதற் பகுதியை விட்டுவிட்டு நடுப்பகுதிச் சிறுநீர் பிடிக்கப்படுகிறது. கிளமிடியாவுக்கு வேண்டியதோ அந்த விடப்பட்ட முதற் பகுதி. அதுவும் முந்தைய ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து பிடித்தது. ஒரு சோதனைக்குச் சரியாகப் பிடித்த மாதிரி இன்னொன்றுக்குத் தவறானதாகிவிடுகிறது.

மெலியாய்டோசிஸ் என்னும் நோய் சற்று வேறுபட்டது. மண்ணிலும் நீரிலும் வாழும் இதன் கிருமி, மழைக்காலங்களில், சிறப்பாக நீரிழிவு உள்ளவர்களைத் தாக்கிப் புரோஸ்டேட் சுரப்பியில் சீழ்க்கட்டியை உண்டாக்கக்கூடும். வேலூர், மணிப்பால் மருத்துவமனைகளிலிருந்து இந்நோய் பலமுறை பதிவாகியுள்ளது. இது தட்டில் வளரும். ஆனால் சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்த மாசு என்றோ ஆய்வகத்தில் தவறாக எண்ணப்பட வாய்ப்புண்டு.

தொற்றல்லாத காரணங்கள்

சிறுநீரகக் கல் சீழணுக்களைத் தோற்றுவிக்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஒரு வகை எரிச்சலும் சீழணுக்களுமாக மட்டும் வெளிப்படும். புகைப்பவர்களும், சாயத் தொழிலில் சில அரோமாட்டிக் அமைன்களுக்கு உட்பட்டவர்களும் இதற்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி. நாற்பது வயதைக் கடந்த ஆணின் சிறுநீரில் வலியின்றிக் குருதி தென்பட்டால், அது ஒரே ஒரு முறையாயினும், பையின் உட்புறத்தை அகநோக்கியால் பார்ப்பது வழக்கம்.

புரோஸ்டேட் அழற்சி என்று பெயரிடப்படும் நீண்டகால இடுப்பு வலிகளில் மிகப் பெரும்பாலானவற்றில், எத்தனை தேடினாலும் பாக்டீரியா கிடைப்பதில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1990களில் வகுத்த பகுப்பில் இவை தனி வகையாக வைக்கப்பட்டன. இடுப்புத் தசைகளின் இறுக்கம், நரம்புகளின் மிகையுணர்வு ஆகியவை இதில் பங்கு வகிக்கின்றன. காசநோயும் பிற தொற்றுகளும் முறையாகத் தேடி விலக்கப்பட்ட பின்னர், இந்நிலையில் மீண்டும் மீண்டும் நுண்ணுயிர் எதிர்ப்பி தருவதால் பயனில்லை. தசைப் பயிற்சியும், சிறுநீர்த் தாரையைத் தளர்த்தும் மருந்துகளும், வலிக்கான மருத்துவமும் மேற்கொள்ளப்படுகின்றன.